கிரீ, ஒஜிப்வே, மிக்மா: அல்கோன்குவியன் மொழிகளுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

மிசிசாகா என்றதும் கனடாத் தமிழருக்கு நினைவுக்கு வருவது ஒரு நகரம். அது முதலில் ஒரு மக்களின் பெயர். மிசிசாகா மக்கள் அனிஷினாபே என்னும் பெரிய இனத்தின் ஒரு கிளை. ஒண்டாரியோவில் ஹேகர்ஸ்வில் ஊருக்கு அருகே தங்கள் நிலத்தில் இன்றும் வாழ்கிறார்கள். டொரொண்டோ நிலம் 1787, 1805 ஒப்பந்தங்கள் வழியாக அவர்களிடமிருந்து கைமாறியது. அதற்கு உரிய விலை தரப்படவில்லை என்று அவர்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். கடைசியில் 2010-இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது.

அவர்களுடைய மொழி அனிஷினாபேமோவின். ஒஜிப்வே என்று பலரும் சொல்வது இதைத்தான். அது அல்கோன்குவியன் என்ற மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கே அட்லாண்டிக் கரையிலிருந்து மேற்கே ராக்கி மலை வரை, வடக்கே ஹட்சன் விரிகுடாவிலிருந்து தெற்கே வட கரோலினா வரை இந்தக் குடும்பத்தின் மொழிகள் பேசப்பட்டன. கனடாவுக்குக் குடிவந்து, தான் நிற்கும் மண்ணின் மொழி எது என்று கேட்கத் தொடங்கியவர்களுக்காகவும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடி மொழிகள்மேல் ஆசை கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த மொழிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் பேசுபவர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்த்துப் பார்த்து எழுதப்பட்டவை அவை. தமிழருக்கு அந்த இடங்களில் பாதி தடையே இல்லை.

முதல் படி: பெயர்களைச் சரி செய்துகொள்ளுங்கள்

அல்கோன்குவின் வேறு, அல்கோன்குவியன் வேறு. அல்கோன்குவின் என்பது ஒட்டாவா ஆற்றுப் படுகையில் வாழும் ஒரு மக்களின் பெயர். அல்கோன்குவியன் என்பது சுமார் முப்பது மொழிகளைக் கொண்ட முழுக் குடும்பத்துக்கும் மொழியியலார் வைத்த பெயர். தெலுங்கு, திராவிடம் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. "நான் அல்கோன்குவியன்" என்று தன்னை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஒஜிப்வே மக்கள் தங்களை அனிஷினாபே என்பார்கள். சமவெளிக் கிரீ மக்கள் தங்களை நேஹியவ் என்பார்கள். லாப்ரடார், கியூபெக் பக்கத்தில் இன்னு. அட்லாண்டிக் மாகாணங்களில் மிக்மா. பிளாக்ஃபுட் மக்களின் சொந்தப் பெயர் நீத்சிதாபி. ஒருவரைச் சந்திக்கும்போது அவர் தம் இனத்தை எந்தப் பெயரால் சொல்கிறாரோ அதையே நாமும் சொன்னால் போதும். தமிழில் பழைய பாடநூல்களில் வரும் "செவ்விந்தியர்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். முதற்குடிகள், பூர்வகுடிகள் என்று கனடாத் தமிழ் ஏடுகள் எழுதுவதே பொருத்தம்.

இன்னொரு குழப்பம் எங்கும் பரவிக் கிடக்கிறது. பூர்வகுடி மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. டொரொண்டோவைச் சுற்றியே மோஹாக், வெண்டாட் முதலிய மொழிகள் உண்டு. அவை இரொகுவாய் குடும்பம். கால்கரிக்குப் பக்கத்தில் பிளாக்ஃபுட் அல்கோன்குவியன், அண்டையிலேயே வாழும் சூதினா மக்களின் மொழி தெனே குடும்பம், ஸ்டோனி நகோடா மொழி சூவன் குடும்பம். இவர்கள் எல்லோரும் 1877-இல் பிரித்தானிய முடியரசோடு செய்த ஏழாம் ஒப்பந்தத்தில் ஒன்றாகக் கையெழுத்திட்டவர்கள். ஒரே ஒப்பந்தத்தில் மூன்று மொழிக்குடும்பங்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தை மனத்தில் ஏற்றுங்கள்

இந்தக் குடும்பத்தைக் கிழக்கு, நடு, சமவெளி என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். இதில் கிழக்குப் பிரிவு மட்டுமே ஒரு தாயிலிருந்து பிரிந்த உண்மையான கிளை. மற்ற இரண்டும் இருக்கும் இடத்தை வைத்துச் சேர்க்கப்பட்டவை. கிழக்கில் மிக்மா, மாலிசீட்–பாஸமக்வாடி, அபெனாகி, லெனாபே, மாசசூசெட், வாம்பனோக் மக்களின் வாம்பனோக் மொழி. நடுவில் கிரீ, இன்னு, ஒஜிப்வே, பொட்டவாட்டமி, மெனாமினி, மெஸ்க்வாக்கி, மயாமி–இலினோய், ஷானி. சமவெளியில் பிளாக்ஃபுட், ஷையென், அரபாஹோ. இவற்றில் பிளாக்ஃபுட்தான் மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்பது.

ஐரோப்பியர் முதலில் வந்து இறங்கியது கிழக்குக் கரையில். அதனால் முதலில் அழிந்தவையும் அங்கே இருந்த மொழிகள்தான். இன்று அதிகம் பேர் பேசுவது வடக்கே உள்ள கிரீ வகைகளை. 2021 கனடா மக்கள்தொகைக் கணக்கில் கிரீ மொழிகளில் உரையாடக்கூடியவர்கள் சுமார் 86,000 பேர், ஒஜிப்வே சுமார் 25,000 பேர்.

குடும்ப உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? தண்ணீர் கிரீயில் நிபிய், ஒஜிப்வேயில் நிபி, தொலைவில் பிரிந்துபோன அரபாஹோவில் நெச். கிரீக்குள்ளேயே இன்னும் அழகான ஒரு சோதனை உண்டு. "நான்" என்ற சொல்லைக் கேளுங்கள். சமவெளிக் கிரீயில் நிய. காட்டுக் கிரீயில் நீத ("அது" என்பதில் வரும் த). சதுப்புநிலக் கிரீயில் நீன. மூஸ் கிரீயில் நீல. அடிகமெக் மொழியில் நீர். மூல மொழியில் இருந்த ஒரே ஒலி ஆல்பர்ட்டாவிலிருந்து கியூபெக் போவதற்குள் ஐந்து உருவம் எடுத்திருக்கிறது. ஒருவர் "நான்" என்று சொல்லும் விதத்தை வைத்தே எந்தப் பக்கத்துக் கிரீ என்று சொல்லிவிடலாம்.

சின்னக் கிளைமொழி என்று எதையும் ஒதுக்கக் கூடாது என்பதற்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. லெனர்ட் புளூம்ஃபீல்டு என்ற மொழியியலார் 1925-இல் மூல அல்கோன்குவியனின் ஒலிகளை மீட்டுருவாக்கினார். "சிவப்பாக இருக்கிறது" என்ற சொல்லில் அவருக்குத் தெரிந்த மொழிகளின் ஒலிகள் வேறு எந்த வரிசையோடும் பொருந்தவில்லை. அங்கே ஒரு தனி மெய்ம்மயக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். எந்த மொழியிலும் அது தனித்துக் கேட்டதாக அவருக்குச் சான்று இல்லை. பிறகு மனிடோபாவின் சதுப்புநிலக் கிரீ பேச்சில் அதே சொல் "மிஹ்த்க்வாவ்" என்று, மற்றவற்றில் இல்லாத ஒரு சேர்க்கையோடு கிடைத்தது. 1928-இல் அதை வெளியிட்டார். எழுத்து மரபு இல்லாத மொழிகளுக்கும் ஒலிமாற்ற விதிகள் துல்லியமாகப் பொருந்தும் என்று உலகம் ஏற்க அது பெரிய காரணமாக இருந்தது.

மூன்றாம் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"அல்கோன்குவியன் கற்கிறேன்" என்று யாரும் கற்க முடியாது. ஒரு மக்கள், ஒரு மொழி, ஒரு வட்டாரம் என்று இறங்குங்கள். நீங்கள் இருக்கும் ஊரே தேர்வைச் செய்துவிடும். டொரொண்டோ, தண்டர் பே, மினியாபோலிஸ் என்றால் அனிஷினாபேமோவின். எட்மன்டன், சாஸ்கட்டூன், ரெஜைனா என்றால் சமவெளிக் கிரீ. ஹாலிஃபாக்ஸ் என்றால் மிக்மா. கால்கரி, லெத்பிரிட்ஜ் என்றால் பிளாக்ஃபுட். வட அமெரிக்காவில் இல்லாதவர்களுக்குச் சமவெளிக் கிரீயைச் சொல்வேன். இணையத்தில் கருவிகள் அதிகம், ஒலிகள் தமிழ் வாய்க்கு எளிது. இதற்குப் பிறகு வரும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் சமவெளிக் கிரீயிலிருந்தே.

நான்காம் படி: முதலில் காது

எழுத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரமாவது கேளுங்கள். சாஸ்கட்செவனில் மிசினிபி ஒலிபரப்பு நிறுவனம் கிரீயிலும் தெனேயிலும் வானொலி நடத்துகிறது. வட ஒண்டாரியோவில் வாவடே நிறுவனம் ஒஜிப்வேயிலும் கிரீயிலும் நடத்துகிறது. ஏபிடிஎன் என்ற பூர்வகுடி மக்களின் தொலைக்காட்சியில் 2019 மார்ச்சில் தேசிய ஹாக்கி லீக் ஆட்டம் ஒன்று முதன்முறையாக முழுக்கக் கிரீ வர்ணனையோடு வந்தது. விளையாட்டு வர்ணனை கேட்பது நல்ல பயிற்சி. ஒரே வினைகள் திரும்பத் திரும்ப வரும்.

சமவெளிக் கிரீயின் உயிரொலிகள் ஏழுதான். அ, இ, ஒ என்று மூன்று குறில். ஆ, ஈ, ஓ, ஏ என்று நான்கு நெடில். எகரக் குறில் கிடையாது. ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் குறில் நெடில் பேதத்தைப் புரியவைக்கவே பாடநூல்கள் பல பக்கம் செலவழிக்கின்றன. நமக்கு அது முதல் வகுப்புப் பாடம்.

மெய்யில் இன்னும் பெரிய ஆதாயம். கிரீயில் ப, த, க ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. அழுத்தமான ஒலி, மென்மையான ஒலி என்று பொருள் மாறுவதில்லை. உயிர்களுக்கு நடுவே பேச்சில் மெலியவும் செய்யும். "பாட்டு", "கபம்" இரண்டிலும் ஒரே ப எழுதிப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. ச என்னும் இடத்திலும் அப்படியே. ஊருக்கு ஊர் ட்ஸ, ச்ச என்று மாறும். புதிதாகப் பழக வேண்டியது, மெய்க்கு முன்னால் வரும் மெல்லிய மூச்சு. "நோஹ்கோம்" (என் பாட்டி) என்பதில் ஹ் விழுங்கப்படக் கூடாது. ஒஜிப்வேயில் நிலைமை வேறு. அங்கே ப-வுக்கும் அதன் மென்மையான இணைக்கும் தனித்தனி எழுத்து உண்டு, பொருளும் மாறும்.

வாய்க்கு முதல் சொற்கள்: "தானிஸி" என்றால் நலமா. பதில், "நமோய நானிதவ், கிய மாக?" ஒன்றும் குறையில்லை, நீங்கள்? நன்றிக்கு "கினனாஸ்கோமிதின்". ஒஜிப்வேயில் வணக்கம் "ஆனீன்" அல்லது "போஜூ", நன்றி "மீக்வேச்".

ஐந்தாம் படி: திணையிலிருந்து தொடங்குங்கள்

பாடநூலைத் திறந்ததும் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டாகப் பிரியும் என்று இருக்கும். உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. விலங்குகள் எல்லாம் உயிர்த்திணை. மரங்களும் அப்படியே. கல் (அசினிய்) உயிர்த்திணை. பனி, புகைக்குழல், காலுறை, கையுறை, ரொட்டி எல்லாம் உயிர்த்திணை. காலணி உயிரற்றது. ராஸ்பெரி உயிர்த்திணை, ஸ்ட்ராபெரி உயிரற்றது. ஒஜிப்வேயில் "மிதிக்" என்ற ஒரே சொல் உயிர்த்திணையில் வந்தால் நிற்கும் மரம், மற்றதில் வந்தால் வெட்டிய கட்டை.

இந்த மக்கள் கல்லுக்கு உயிர் இருப்பதாக நம்புவதால்தான் இப்படி என்று விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். சில சொற்களுக்கு அது பொருந்தும்; புகைக்குழல், கல் இரண்டும் சடங்கில் பெரிய இடம் பெற்றவை. ராஸ்பெரிக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் பன்மையோடு மனப்பாடம் செய்வதே வழி. உயிர்த்திணைப் பன்மை "-அக்" என முடியும் (அசினியக், கற்கள்). மற்றது "-அ" என முடியும் (மஸ்கிஸின, காலணிகள்). ஆண்பால், பெண்பால் பேதமே இல்லை. "விய" என்றால் அவனும்தான், அவளும்தான்.

தன்மைப் பன்மையும் நமக்கு வீட்டுச் சரக்கு. நாம் என்பதற்குக் "கியானவ்", நாங்கள் என்பதற்கு "நியனான்". முதலாவது "கி" என்று தொடங்குவதைக் கவனியுங்கள். கிரீயில் கி என்பது முன்னிலைக்கு உரியது. கேட்பவரையும் உள்ளடக்கும் சொல் அவருடைய எழுத்திலேயே தொடங்குகிறது.

ஆறாம் படி: வினை. இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

இந்த மொழிகளின் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. பெயர்ச்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்து மாதங்களைக் கழிப்பவர்கள் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் நிற்பார்கள். நிறம், பருவம், வானிலை, அளவு எல்லாமே வினைகள். "சிவப்பாக இருக்கிறது" ஒரே வினை.

எளிய வினையில் தொடங்குங்கள். நிபாவ், அவர் தூங்குகிறார். நினிபான், நான் தூங்குகிறேன். கினிபான், நீ தூங்குகிறாய். முன்னால் நி வந்தால் தன்மை, கி வந்தால் முன்னிலை.

அடுத்து, ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பது. பார்க்கப்படுவது எந்தத் திணை என்பதைப் பொறுத்து வினையடியே மாறும். கல்லைப் பார்த்தால் "நிவாபமாவ்". காலணியைப் பார்த்தால் "நிவாபஹ்தேன்". தமிழில் திணை எழுவாயோடு இயைந்து வினைமுற்றில் தெரியும். இங்கே செயப்படுபொருளின் திணையும் வினைக்குள் தெரிகிறது.

இப்போது இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

நிவாபமாவ்: நான் அவரைப் பார்க்கிறேன்.
நிவாபமிக்: அவர் என்னைப் பார்க்கிறார்.
கிவாபமின்: நீ என்னைப் பார்க்கிறாய்.
கிவாபமிதின்: நான் உன்னைப் பார்க்கிறேன்.

முதல் இரண்டிலும் முன்னால் நி. பார்ப்பது நானா அவரா என்பதை நி சொல்வதில்லை. "நான் இதில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்கிறது. யார் யாரைப் பார்த்தார் என்பதைப் பின்னால் வரும் ஆ, இக் சொல்கின்றன. கடைசி இரண்டிலும் நானும் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய். ஆனால் முன்னால் நிற்பது கி. முன்னிலை முதலில், தன்மை அடுத்து, படர்க்கை கடைசியில் என்ற வரிசை இந்தக் குடும்பம் முழுதும் ஓடுகிறது. எதிரில் இருப்பவர் செயலைச் செய்தாலும் சரி, செயல் அவர்மேல் விழுந்தாலும் சரி, சொல்லின் தலையில் அவருக்கே இடம். நன்றி சொல்லும் "கினனாஸ்கோமிதின்" என்ற நீண்ட சொல்லைத் திரும்பப் பாருங்கள். கி முன்னால், இதின் பின்னால். "நான் உனக்கு நன்றி சொல்கிறேன்" என்பது அதற்குள் அப்படியே இருக்கிறது. ஒஜிப்வேயில் விடைபெறும்போது சொல்லும் "கிகவாபமின்" இதே அச்சு: நான் உன்னைப் பார்ப்பேன். கிரீயில் இதின் செய்யும் வேலையை ஒஜிப்வேயில் இன் செய்கிறது; கிரீயின் கிவாபமின் என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த நான்கு சொற்கள் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேறு வினையடிகளைப் போட்டு இதே நான்கையும் நாள்தோறும் சொல்லிப் பாருங்கள்.

ஏழாம் படி: இரண்டு படர்க்கை

"முருகன் கந்தனைப் பார்த்தான். அவன் சிரித்தான்." சிரித்தது யார்? தமிழில் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அல்கோன்குவியன் மொழிகளில் இந்த ஐயமே எழாது. ஒரு பேச்சில் இரண்டு உயிர்த்திணைப் படர்க்கைகள் வந்தால் ஒன்று மையம், மற்றது அயல். அயலாக நிற்கும் பெயர் ஒரு விகுதி பெறும். அதன் வினைகளும் தனி வடிவம் பெறும்.

நாபேவ் என்றால் ஆண். அதிம் என்றால் நாய். "நாபேவ் வாபமேவ் அதிம்வ" என்றால் அந்த ஆள் நாயைப் பார்க்கிறார். நாய் "அதிம்வ" ஆனதால் அது அயல். இப்போது வினையை மட்டும் மாற்றுங்கள்: "நாபேவ் வாபமிக் அதிம்வ". நாய் அந்த ஆளைப் பார்க்கிறது. கதையின் மையம் இன்னும் அந்த ஆள்தான். செயலின் திசை மட்டும் திரும்பியிருக்கிறது. சொற்களின் வரிசையை எப்படி மாற்றினாலும் பொருள் குலையாது.

இதைச் செயப்பாட்டுவினை என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைத்தால் தொடர்ந்து தடுமாறுவீர்கள். யார் பக்கம் நின்று கதை சொல்கிறோம் என்பதை இலக்கணமே கேட்கிறது. தேர்ந்த கதைசொல்லிகள் மையத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும் இடம் கேட்கக் கேட்க இனிக்கும். இந்த மொழிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தொடக்கத்தில் அடையாளம் காண மட்டும் பழகுங்கள். பேசும்போது பயன்படுத்த ஓராண்டு ஆனாலும் பரவாயில்லை.

எட்டாம் படி: உறவுமுறை

தமிழர் அதிகம் ரசிக்கப் போவது இந்தப் பகுதி. கிரீயில் தாய் "நிகாவிய்" (என் அம்மா). அம்மாவின் சகோதரி "நிகாவீஸ்": அம்மா என்ற சொல்லோடு "சின்ன" என்ற பொருள் தரும் விகுதி. சின்னம்மா! அப்பா "நோஹ்தாவிய்", அப்பாவின் சகோதரர் "நோஹ்சாவீஸ்", சித்தப்பா. ஆனால் அம்மாவின் சகோதரர் "நிஸிஸ்", அப்பாவின் சகோதரி "நிஸிகோஸ்". இவை தனிச் சொற்கள். நிஸிஸ் என்பதே மாமனாரையும் குறிக்கும், நிஸிகோஸ் மாமியாரையும் குறிக்கும். மாமா, அத்தை என்று நாம் அழைப்பது அப்படியே. அண்ணன் "நிஸ்தேஸ்", அக்கா "நிமிஸ்". தம்பிக்கும் தங்கைக்கும் ஒரே சொல், "நிஸீமிஸ்". இந்தச் சொற்கள் எல்லாம் "என்" இல்லாமல் தனியே நிற்பதில்லை. யாருடைய பாட்டி என்று சொல்லாமல் பாட்டி என்று சொல்ல முடியாது. நோஹ்கோம் என் பாட்டி, கோஹ்கோம் உன் பாட்டி.

இந்த ஒற்றுமையை முதலில் உலகத்துக்குச் சொன்னவர் லூயிஸ் ஹென்றி மார்கன். இரொகுவாய் மக்களின் உறவுமுறையை ஆராய்ந்திருந்த அவர் 1858-இல் மிச்சிகனில் ஒஜிப்வே மக்களிடம் விசாரித்தபோது, மொழி வேறாக இருந்தும் முறை ஒன்றாக இருப்பதைக் கண்டார். பிறகு தமிழகத்தில் பணியாற்றிய ஒரு அமெரிக்க மிஷனரி வழியாகத் தமிழ் உறவுப்பெயர்கள் அவர் கைக்கு வந்தன. அவையும் பொருந்தியது அவரை உலுக்கியது. 1871-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் அமெரிக்கப் பூர்வகுடி முறையும் தமிழ் முறையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. மானிடவியல் என்ற துறையே அந்த ஒப்பீட்டில் பெரிதும் வளர்ந்தது.

மார்கன் இதிலிருந்து அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நிறுவப் பார்த்தார். உறவுமுறையை வைத்து அப்படி நிறுவ முடியாது. மாமன் மகள், அத்தை மகன் திருமணம் போன்ற வழக்கம் உள்ள இடங்களில் இத்தகைய முறைகள் தனித்தனியே தோன்றுகின்றன. வடக்கே சில கிரீ, ஒஜிப்வே சமூகங்களிலும் அந்த வழக்கம் இருந்தது. தமிழுக்கும் கிரீக்கும் மொழி உறவு இல்லை. இணையத்தில் இரண்டு சொற்களை அருகருகே வைத்து "கடல் கடந்த தமிழன்" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து இங்கே அதைச் செய்யாதீர்கள். நிலத்தையும் குழந்தைகளையும் பறிகொடுத்த ஒரு மக்களிடமிருந்து அவர்கள் தோற்றத்தையும் நாம் எடுத்துக்கொள்வதாகிவிடும்.

ஒன்பதாம் படி: எழுத்தும் அகராதியும்

கிரீக்கு ரோமன் எழுத்தும் உண்டு, சிலபிக்ஸ் எனப்படும் தனி எழுத்தும் உண்டு. தனி எழுத்தை 1840-இல் நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற பாதிரியார் அச்சிட்டார். தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அச்செழுத்து வார்த்தார் என்பது வரலாறு. கிரீ மரபோ, அதைப் பெற்று வந்தவர் மிஸ்தனஸ்கோவேவ் என்ற தங்கள் முன்னோர் என்று சொல்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் சூத்திரம் எளிது. உருவம் மெய், அது திரும்பும் திசை உயிர். ஒரு கூர்முனை உருவம் கீழ்நோக்கினால் பே, மேல்நோக்கினால் பி, வலப்பக்கம் பார்த்தால் போ, இடப்பக்கம் பார்த்தால் ப. நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. அன்றாட எழுத்தில் அந்தப் புள்ளியைப் பலர் இடுவதில்லை, ஓலைச்சுவடியில் நம்மவர் புள்ளியிடாமல் எழுதியதைப் போலவே. அதனால் புதியவர்கள் முதலில் நெடில் குறி இட்ட ரோமன் எழுத்தில் படித்துவிட்டு இதற்கு வருவது நல்லது.

அகராதிகளில் சமவெளிக் கிரீக்கு "இத்வேவின" சிறந்தது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் நடத்துவது. நிவாபமாவ் என்று விகுதியோடு இட்டாலும் அதன் மூல வினையைக் கண்டுபிடித்துத் தரும். கையகராதியில் தேடுவதானால் படர்க்கை வடிவத்தில் தேடுங்கள். வினைகள் வாபமேவ் என்றுதான் அடுக்கப்பட்டிருக்கும். ஒஜிப்வேக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒஜிப்வே மக்கள் அகராதி. முதியவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். மிக்மாவுக்குப் பேசும் அகராதி உண்டு. பாஸமக்வாடிக்கும் லெனாபேவுக்கும்கூட. கார்ல்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த அல்கோன்குவியன் மொழி வரைபடத்தில் ஒரே வாக்கியத்தை ஊர் ஊராகச் சொடுக்கிக் கேட்கலாம்; இரண்டாம் படியில் சொன்ன "நான்" சோதனையை அங்கே செய்து பாருங்கள்.

பத்தாம் படி: மக்களிடம் போகும்போது

கனடாவில் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசியதற்காக அடிபட்டார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அவற்றில் மொழிகளுக்கானவையும் உண்டு. 2019-இல் பூர்வகுடி மொழிகள் சட்டம் வந்தது. நோவா ஸ்கோஷியா 2022-இல் மிக்மாவைத் தன் முதல் மொழியாகச் சட்டத்தில் ஏற்றது.

ஆகவே புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் "உங்கள் மொழி பேசுவீர்களா?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவருடைய அம்மாவின் பள்ளிக்கூடத்தைத் தொடலாம். நீங்கள் கற்றுக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் பேச்சு அங்கே போகும். வகுப்புகளைத் தேடிச் செல்லுங்கள். டொரொண்டோ ஸ்பாடைனா சாலையில் உள்ள பூர்வகுடி கனடியர் மையமும், ரெஜைனாவில் உள்ள கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகமும் நல்ல தொடக்கம். இடம் குறைவான வகுப்பு என்றால் அந்த மக்களின் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து அடுத்ததற்குக் காத்திருங்கள்.

முதியவரிடம் பாடமோ கதையோ கேட்கப் போகும்போது பல கிரீ, அனிஷினாபே சமூகங்களில் புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. எதை, எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே அங்குள்ள ஒருவரிடம் விசாரியுங்கள். வீஸஹ்கேசாஹ்க் (கிரீ), நானபோஜோ (ஒஜிப்வே) என்னும் குறும்புக்கார நாயகர்களின் கதைகளைப் பனி தரையில் இருக்கும் மாதங்களில் மட்டுமே சொல்வது மரபு. ஜூலையில் போய்க் கேட்காதீர்கள். பவ்வாவ் எனப்படும் ஆடல் பாடல் விழாக்களுக்கு எல்லோரும் போகலாம். தொடக்க அணிவகுப்பின்போது எழுந்து நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். அறிவிப்பாளர் அனுமதி சொல்லும் வரை படம் எடுக்கக் கூடாது. ஆடுபவர் அணிந்திருப்பதை "வேஷம்" என்று சொல்லக் கூடாது, தொடவும் கூடாது. பதிவு செய்த குரல் யாருடையதோ அவருக்கே சொந்தம். கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

பேசுபவர் இல்லாத மொழியைத் தேர்ந்தவர்களுக்கு

வாம்பனோக் மொழியைப் பேசுபவர் ஒருவரும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் கழிந்தது. ஆனால் 1663-இல் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் அச்சான முழு பைபிள் அந்த மொழியில் இருந்தது. அமெரிக்காவில் அச்சான முதல் பைபிளே அதுதான். அதை அச்சிட்டவர்களில் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரின்டர் ஒருவர். வாம்பனோக் மக்கள் தங்கள் மொழியில் எழுதிய நிலப்பத்திரங்களும் கடிதங்களும் பல நூற்றாண்டு காப்பகங்களில் கிடந்தன. 1990களில் மாஷ்பி வாம்பனோக் இனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு இவற்றையும் சகோதர மொழிகளின் இலக்கணத்தையும் வைத்து மொழியை மீட்கத் தொடங்கினார். அதற்காகவே எம்ஐடியில் மொழியியல் படித்தார். இன்று அந்த மொழியில் குழந்தைகள் பேசுகிறார்கள். ஒஹாயோவில் மயாமி மொழிக்கு டேரில் பால்ட்வின் தலைமையில் இதே போன்ற பணி நடக்கிறது. தங்கள் மொழி இறக்கவில்லை, உறங்கியது என்பது அவர்கள் வாதம். இத்தகைய மொழிகளில் பாடநூல்கள் சிலவேளை இனத்தவருக்கு மட்டுமே தரப்படும். கிடைக்கவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். பொதுவில் வைக்கப்பட்டவற்றைப் படியுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு

தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதழ்களிலும் இந்த மக்களைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்காதீர்கள். அகராதியில் உச்சரிப்பைக் கேட்டு எழுதுங்கள். செயென்னே அல்ல, ஷையென். குறில் நெடிலைக் காட்டத் தமிழ் எழுத்தால் முடியும், காட்டுங்கள். மக்களின் சொந்தப் பெயரை முதலில் எழுதி, பழகிய பெயரை அடுத்து எழுதுங்கள். "வாழ்ந்தார்கள்" என்று இறந்தகாலத்தில் எழுதிவிடாமல், வாழ்கிறார்கள் என்று எழுதுங்கள். எந்த ஒப்பந்த நிலம், எந்த ஊர், எந்தக் கிளைமொழி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். "கிரீயில் நான் என்பதற்கு நிய" என்று மட்டும் எழுதினால், அதைப் படிக்கும், மூஸ் கிரீ பேசும் மூஸ் ஃபாக்டரி ஊர்க்காரருக்கு அது பிழையாகவே தெரியும்.